காரணிப் பகுப்பாய்வுக்கு உங்கள் ஒட்டுறவு அணி ஏற்றதுதானா? படிப்படியாகச் சோதிக்கும் முறை

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் உள்ள என் வீட்டுக்குச் சனிக்கிழமை மாலைகளில் ஆய்வேடு எழுதும் தமிழாசிரியர்கள் சிலர் மடிக்கணினியோடு வருவார்கள். மொரிசியஸ் பிள்ளைகள் வீட்டிலும் வகுப்பிலும் கோயிலிலும் தமிழை எவ்வளவு புழங்குகிறார்கள் என்று கேட்டு, இருபது முப்பது கூற்றுகளுக்கு 1 முதல் 5 வரை விடை வாங்கியிருப்பார்கள். அந்த விடைகளுக்குப் பின்னால் நிற்கும் சில காரணிகளைக் கண்டறிய வேண்டும். இதுதான் காரணிப் பகுப்பாய்வு. இதற்கு மூலப்பொருள் ஒட்டுறவு அணி: ஒவ்வோர் இணைக் கூற்றும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை −1 முதல் 1 வரையிலான எண்ணாகக் காட்டும் அட்டவணை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். மென்பொருளைத் திறந்ததும் பகுப்பாய்வை ஓட்டிவிடுகிறார்கள். கேஎம்ஓ (KMO, அணி ஏற்றதா என்று 0 முதல் 1 வரை மதிப்பிடும் அளவு) 0.6-க்கு மேல், பார்ட்லெட் சோதனை (ஒட்டுறவு ஏதேனும் உண்டா என்று பார்ப்பது) பொருளுடையது, அதாவது தற்செயல் அல்ல என்று இரண்டு வரி அட்டவணை வருகிறது. 'தரவு ஏற்றது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்களும் முன்னால் உள்ள எல்லாப் படிகளும் சரியாக நடந்தன என்று நம்பிக்கொண்டு பேசுகின்றன. படிகள் நடக்கவே இல்லை என்றாலும் அவை அதே குரலில்தான் பேசும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலத் தரவு: ஒவ்வொரு வரியும் ஒரு மாணவர், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு கூற்று. வினாத்தாளின் அச்சுப் பிரதி, கிரியோலில் மொழிபெயர்த்துக் கேட்டிருந்தால் அந்தப் பிரதியும் சேர்த்து. விடை இல்லாத இடத்தில் என்ன குறியீடு இட்டீர்கள் என்ற குறிப்பு. மென்பொருள் எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி, ஆர் எதுவாயினும் சரி.

இன்னொன்றும் வேண்டும். எந்தக் கூற்று எந்தக் கருத்தை அளக்க எழுதப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு கருத்துக்கு மூன்று கூற்றுகளாவது இல்லையென்றால் எந்தச் சோதனையும் அதை ஈடுகட்டாது.

1. எண்களுக்கு முன் வினாக்களைப் படியுங்கள்

சில மாறிகள் (தரவின் நெடுவரிசைகள்) பிறவியிலேயே காரணிப் பகுப்பாய்வுக்கு உதவாதவை. அவற்றை இந்தப் படியிலேயே ஒதுக்கிவிடலாம்.

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது இது: 'ஒரு நாளில் கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றை எத்தனை விழுக்காடு பேசுகிறாய்?' நான்கு விடைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 100. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரவேண்டும். நான்கு மாறிகளின் பரவலும் ஏறத்தாழச் சமம் என்றால், அவற்றுக்கிடையிலான சராசரி ஒட்டுறவு −0.33 பக்கமாக இழுக்கப்படும். அந்த எதிர்மறை உறவு பிள்ளைகளின் மனத்திலிருந்து வரவில்லை, கூட்டல் கணக்கிலிருந்து வருகிறது. ஒரு மொழியை நீக்கிவிட்டால் மென்பொருள் முணுமுணுக்காமல் ஓடும். ஆனால் அந்தக் கட்டு எஞ்சிய மூன்றிலும் அப்படியே இருக்கும். மொழிகளைத் தரவரிசைப்படுத்தச் சொன்ன வினாக்களுக்கும் இதே கதிதான்.

அடுத்தது, பகுதிகளையும் மொத்தத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது. எழுத்துத் தேர்வு மதிப்பெண், வாய்மொழித் தேர்வு மதிப்பெண், இரண்டின் கூட்டுத்தொகை மூன்றையும் போட்டால் மூன்றாவதில் புதிய செய்தி எதுவும் இல்லை. கேஎம்ஓ கணக்குக்கு வேண்டிய அணியின் நேர்மாறைக் காணவே முடியாமல் போகும். வயது, பாலினம், வகுப்பு போன்ற பின்னணித் தகவல்களையும் வெளியே வையுங்கள். அவற்றுக்கு வேறு இடத்தில் வேலை உண்டு.

2. ஒவ்வொரு மாறியையும் தனியே பாருங்கள்

ஒவ்வொரு கூற்றுக்கும் 1, 2, 3, 4, 5 எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து நிமிட வேலை. இதைத் தவிர்த்தவர்கள்தான் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

முதல் ஆபத்து, 'விடை இல்லை' என்பதற்காக இட்ட 99. மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் அது 99 என்ற எண்ணாகவே கணக்கில் சேரும். 200 மாணவர்கள், சராசரி 3, திட்ட விலக்கம் (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 1, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கூற்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாணவர் இரண்டையும் விட்டுவிட்டு, இரண்டிலும் 99 பதிவானால், ஒட்டுறவு 0.98 ஆகிவிடும். ஒரு ஆசிரியையின் அணியில் இப்படித்தான் கடைசிப் பக்கத்துக் கூற்றுகள் அனைத்தும் ஒரு 'வலுவான காரணி' ஆயின. பக்கத்தைத் திருப்ப மறந்த சில பிள்ளைகளே அந்தக் காரணி.

இரண்டாவது, மாறாத மாறி. 'தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்குப் போவோம்' என்ற கூற்றுக்குத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோரும் 5 போடுவார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எல்லோரும் ஒன்றையே சொன்னால் அது எதனோடும் ஒட்டி ஏறி இறங்க முடியாது. அப்படிப்பட்ட கூற்றைத் தனியாக விவரியுங்கள், அணியில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது, எதிர்த்திசைக் கூற்றுகள். 'தமிழைவிடக் கிரியோலில் பேசுவதே எனக்கு வசதி' என்பது மற்றவற்றுக்கு எதிராக ஓடும். இதைத் திருப்பிப் போட மறந்தால் எல்லாம் பாழாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த மாறியின் ஒட்டுறவுகளுக்கு முன் உள்ள குறி மாறும், அவ்வளவுதான். கேஎம்ஓ, பார்ட்லெட், அணிக்கோவை (அணி முழுவதிலிருந்தும் கணக்கிடும் ஒற்றை எண்) எதுவும் மாறாது. உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இருவர் தரவைப் பதிவு செய்யும்போது ஒருவர் திருப்பியும் மற்றவர் திருப்பாமலும் போட்டிருந்தால், ஒட்டுறவு பூச்சியத்தை நோக்கிக் கரைந்துவிடும். அணியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பதிவு செய்தவர்களிடம் நேரில் கேளுங்கள்.

3. கலந்த குழுக்களைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியை நூல்கள் விரைந்து கடக்கின்றன. எனக்கு இதுவே மிக முக்கியமான படி.

பள்ளியில் தமிழைப் பாடமாக எடுத்த பிள்ளைகளும் எடுக்காத பிள்ளைகளும் உங்கள் மாதிரியில் பாதிப்பாதி என்று வையுங்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பத்துக் கூற்றுகளுக்கிடையே ஒட்டுறவே இல்லை. ஆனால் ஒவ்வொரு கூற்றிலும் தமிழ் எடுத்தவர்களின் சராசரி, மற்றவர்களைவிட இரண்டு திட்ட விலக்கம் உயரத்தில் இருக்கிறது. இரு குழுவையும் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லா ஒட்டுறவுகளும் 0.5 ஆகும். கேஎம்ஓ 0.96! எந்தத் தேர்வாளரும் தலையாட்டும் மதிப்பு அது. ஆனால் அங்கே இருப்பது 'தமிழ்ப் பற்று' என்ற காரணி அல்ல. யார் எந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதே.

ஆகவே குழுவாரியாகத் தனித்தனி அணி போட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்தால் சேர்க்கலாம். சேர்த்த அணியில் மட்டும் ஒட்டுறவு பெரிதாகத் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள்.

4. அணியை எப்படி உருவாக்குவது என்று முடிவெடுங்கள்

இரண்டு முடிவுகள் உள்ளன. முதலாவது, விடுபட்ட விடைகளை என்ன செய்வது. ஒரு விடை குறைந்தாலும் அந்த மாணவரையே விட்டுவிடலாம், அல்லது இணை இணையாக எடுத்து, அந்த இரண்டு கூற்றுகளுக்கும் விடை தந்தவர்களை மட்டும் கணக்கிடலாம். இரண்டாவது வழி தரவை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். ஆனால் அணியின் ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வருவதால், ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள் ஒரே அணியில் அமரலாம்.

முதல் கூற்றுக்கும் இரண்டாவதற்கும் 0.9, முதலுக்கும் மூன்றாவதற்கும் 0.9 என்றால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 0.62-க்குக் குறைவாக இருக்கவே முடியாது. உங்கள் அணியில் அங்கே 0.3 இருந்தால் அணிக்கோவை −0.224 ஆகும். ஒரே மாணவர் கூட்டத்திலிருந்து அப்படி ஓர் அணி பிறக்காது. எஸ்பிஎஸ்எஸ் இத்தகைய அணிக்குக் கேஎம்ஓ அட்டவணையையே காட்டாது. 'அட்டவணை வரவில்லை' என்று மென்பொருளைத் திரும்ப நிறுவியவரை எனக்குத் தெரியும். அட்டவணை வராததே விடை.

விடுபட்டவை மிகக் குறைவு என்றால் முழு விடை தந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் என்றால் முறையான இட்டு நிரப்பும் முறையை வழிகாட்டியிடம் கேளுங்கள். சராசரியை இட்டு நிரப்பாதீர்கள், அது மாறியின் பரவலைச் சுருக்கி ஒட்டுறவையும் குலைக்கும்.

இரண்டாவது முடிவு, எந்த வகை ஒட்டுறவு. ஐந்து படிகளும் ஓரளவு சீராகப் பரவியிருந்தால் வழக்கமான பியர்சன் ஒட்டுறவு போதும். படிகள் மூன்றோ நான்கோ என்றால், அல்லது விடைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால், பியர்சன் உறவைக் குறைத்துக் காட்டும். எளிதில் ஒப்புக்கொள்ளப்படும் கூற்றுகள் ஒரு பக்கமும், எல்லோரும் மறுக்கும் கூற்றுகள் மறுபக்கமும் சேர்ந்து பொய்க் காரணிகளாகத் தோன்றலாம். அங்கே பாலிகோரிக் ஒட்டுறவு (படிகளுக்குப் பின்னால் தொடர்ச்சியான அளவு ஒன்று இருப்பதாகக் கொண்டு கணக்கிடுவது) பொருத்தமானது. ஆனால் சிறிய மாதிரியில் அது தடுமாறும், மேலே சொன்ன பொருந்தாமையும் அதில் வரலாம். எதைத் தேர்ந்தாலும் ஒரு விதியை விடாதீர்கள்: எந்த அணியில் பகுப்பாய்வு செய்யப் போகிறீர்களோ அதே அணியைத்தான் சோதிக்க வேண்டும்.

5. அணியைக் கண்ணால் படியுங்கள்

அச்சிட்டு, பென்சிலால் குறியுங்கள். குறியைப் பொருட்படுத்தாமல் 0.3-க்கு மேல் உள்ளவற்றுக்கு ஒரு கோடு, 0.9-க்கு மேல் உள்ளவற்றுக்கு வட்டம். எந்தக் கோடும் விழாத வரிசை தனித்து நிற்கும் மாறி. அது எந்தக் காரணியிலும் சேரப்போவதில்லை. வட்டம் விழுந்த இணையின் சொற்களை வினாத்தாளில் எடுத்துப் படியுங்கள். ஒரே கூற்றை இரண்டு முறை கேட்டிருப்பீர்கள்.

தொடக்கத்தில் எழுதிய தாளை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்த கூட்டங்கள் கோடுகளில் தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் அது தோல்வி ஆகாது, ஆனால் ஏன் என்று யோசிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

6. அணிக்கோவையோடு மிகச்சிறிய ஐகன் மதிப்பையும் பாருங்கள்

அணிக்கோவை 0.00001-க்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மாறிகள் மிகையாக ஒன்றையொன்று ஒத்திருந்தால் அணிக்கோவை பூச்சியத்தை நெருங்கும் என்பதே அதன் காரணம். ஆனால் மாறிகளின் எண்ணிக்கை கூடினாலே அது சிறுத்துவிடும். 30 கூற்றுகள், எல்லா ஒட்டுறவும் வெறும் 0.4 என்று வைத்துக் கணக்கிட்டால் 0.0000046 வருகிறது. விதிப்படி அந்த அணியைத் தள்ள வேண்டும். உண்மையில் அதில் ஒரு குறையும் இல்லை.

அதனால் மிகச்சிறிய ஐகன் மதிப்பைப் பார்க்கச் சொல்கிறேன். மாறிகளைக் கலந்து அமைக்கும் தனித்தனித் திசைகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு பரவல் இருக்கிறது என்று காட்டும் எண்களே ஐகன் மதிப்புகள். மேலே சொன்ன அணியில் அது 0.6, நல்ல உடல்நிலை. அது பூச்சியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு மாறி மற்றவற்றின் கலவை. எதிர்மறையாக இருந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

7. பார்ட்லெட் சோதனை: தடுக்க மட்டுமே பயன்படும்

ஒட்டுறவுகள் எல்லாமே பூச்சியம், அதாவது அணி ஓர் அலகு அணி (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0, அணிக்கோவை 1) என்பதே இங்கே இன்மைக் கருதுகோள். இதை மறுக்க முடியாவிட்டால் பகுப்பாய்வு செய்ய ஒன்றுமில்லை, நிறுத்திவிடுங்கள்.

மறுக்க முடிந்தால் என்ன தெரிகிறது? மிகக் குறைவே. பத்து மாறிகளுக்குக் கட்டின்மைக் கூறுகள் 45 (மாறி இணைகளின் எண்ணிக்கை), 5 விழுக்காட்டு எல்லை மதிப்பு 61.66 (சோதனை எண் இதைத் தாண்டினால் பொருளுடையது). மாதிரி 200 எனில் அணிக்கோவை 0.73-க்குக் கீழ் இறங்கினாலே சோதனை பொருளுடையதாகிவிடும். மாதிரி 1000 எனில் 0.94 போதும். அதாவது 0.04 அளவிலான ஒட்டுறவுகள்! அந்த அளவு உறவில் எந்தக் காரணியும் பிறக்காது. 'பொருளுடையது, ஆகவே ஏற்றது' என்ற வாக்கியத்தை ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

மென்பொருள் காட்டும் 0.000 என்பதை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். நிகழ்தகவு 0.001-ஐவிடக் குறைவு என்று எழுதுங்கள். இந்தச் சோதனை இயல்நிலைப் பரவலை அடிப்படையாகக் கொண்டது என்பதால், பாலிகோரிக் அணிக்கு அதன் நிகழ்தகவு மதிப்பைக் கண்டிப்பான அர்த்தத்தில் எடுக்க முடியாது.

8. கேஎம்ஓ: எதை அளக்கிறது என்று அறிந்து படியுங்கள்

தேர் வடத்தைப் பிடித்திருக்கும் எல்லோரும் ஒன்றாக நகர்வார்கள். ஒருவரை இன்னொருவர் பார்த்து நடப்பதால் இல்லை, வடம் ஒன்றாக இருப்பதால். இருவர் மட்டும் கைகோத்து நடந்தால் அது வேறு கதை. மற்ற எல்லா மாறிகளின் பங்கையும் கழித்த பிறகு இரண்டு மாறிகளுக்கிடையே எஞ்சும் உறவே பகுதி ஒட்டுறவு. பொதுவான காரணி இருந்தால் கழித்த பின் அது சிறுத்துவிட வேண்டும். ஒட்டுறவு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை, அதனோடு பகுதி ஒட்டுறவு வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் சேர்த்து வரும் எண்ணால் வகுத்தால் கேஎம்ஓ.

கேஎம்ஓ என்ற பெயரின் முதல் எழுத்துக்குரிய கைசர் 1974-இல் தந்த படிநிலையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 0.9-களில் அற்புதம், 0.8-களில் பாராட்டத்தக்கது, 0.7-களில் நடுத்தரம், 0.6-களில் சுமார், 0.5-களில் பரிதாபம், அதற்குக் கீழே ஏற்க முடியாதது.

இரண்டே மாறிகள் என்றால் கழிக்க வேறொன்றும் இல்லாததால் கேஎம்ஓ எப்போதும் 0.5. எல்லா ஒட்டுறவும் 0.6 என்ற நிலையில் மூன்று மாறிகளுக்கு 0.72, நான்குக்கு 0.83, ஆறுக்கு 0.92. ஒட்டுறவு வெறும் 0.3 ஆக இருந்தாலும் பத்து மாறிகளுக்கு அதே 0.92. எனவே உயர்ந்த கேஎம்ஓ, உறவு வலுவானது என்று சொல்வதில்லை. உறவு பலரிடம் பகிரப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

மொத்த மதிப்போடு நிற்காமல் மாறிவாரியான மதிப்புகளைப் பாருங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இவை எதிர்பிம்ப (Anti-image) அட்டவணையில் இருக்கும். அது இரண்டு பாகமாக வரும். கீழ்ப்பாகத்தின் மூலைவிட்டத்தில் உள்ளவையே நமக்கு வேண்டியவை. புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மேல்பாகத்தைப் படித்துவிட்டுப் பதறுகிறார்கள். மூலைவிட்டத்துக்கு வெளியே இருப்பவை குறி மாறிய பகுதி ஒட்டுறவுகள். 'தமிழ்ப் பாட்டுக் கேட்பேன்', 'தமிழ்த் திரைப்பாடல் கேட்பேன்' என்ற இரண்டும் இருந்தால் அங்கே பெரிய எண் தெரியும். கைகோத்தவர்கள் இவர்கள்தான்.

9. நீக்கும்போது ஒவ்வொன்றாக

0.5-க்குக் கீழே நான்கு மாறிகள் இருந்தால் நான்கையும் ஒரே வீச்சில் நீக்காதீர்கள். மிகக் குறைந்த ஒன்றை நீக்கி, முழுவதையும் மறுபடி கணக்கிடுங்கள். ஒன்று வெளியேறியதும் எல்லாப் பகுதி ஒட்டுறவுகளும் மாறும், மற்ற மூன்றும் தாமாகவே தேறிவிடக்கூடும். இரட்டைக் கூற்றுகளில் பொருள் தெளிவான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீக்கத்தையும் காரணத்தோடு குறித்து வையுங்கள்.

நீக்கிக்கொண்டே போய் ஒரு கருத்துக்கு ஒரு கூற்று மட்டும் மிஞ்சினால் எண் அழகாகும், ஆய்வு காலியாகும். வகுப்பு நேரத்தைக் கொடுத்து விடை எழுதிய பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நியாயம் அதுவல்ல. வினாத்தாளைத் திருத்தி மீண்டும் கேட்பதே அப்போது சரி.

10. மாதிரி அளவு

ஒரு மாறிக்குப் பத்துப் பேர் என்ற கணக்கை இன்றும் சொல்கிறார்கள். மெக்கலம் குழுவினர் 1999-இல் காட்டியது வேறு: ஒவ்வொரு மாறியும் காரணிகளோடு பகிரும் பங்கு 0.6-க்கு மேல் இருந்தால் 100-க்குக் குறைவானவர்களும் போதலாம். 0.5 அளவில் இருந்து, காரணிகளுக்குப் போதிய கூற்றுகளும் இருந்தால் 100 முதல் 200. பங்கு குறைந்தால் 300-ம் அதற்கு மேலும் வேண்டும். முன்னால் சொன்ன 0.3 ஒட்டுறவு அணியில் அந்தப் பங்கு 0.3 மட்டுமே. கேஎம்ஓ 0.92 என்று நூறு பேரோடு நின்றுவிட்டால் காரணிகள் அடுத்த பள்ளியில் நிற்காது.

11. அணி மட்டும் கையில் இருந்தால்

வெளியான கட்டுரை ஒன்றின் ஒட்டுறவு அணியை எடுத்துச் சோதிக்கும்போது முதல் நான்கு படிகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய இயலாது. கூற்றுகளின் சொற்கள் கிடைத்தால் முதல் படியை மட்டும் செய்யலாம். எஞ்சியதைச் செய்யவில்லை என்று ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். ஐந்தாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

எண்களைத் தட்டச்சு செய்தபின் அணி சமச்சீராக இருக்கிறதா, மூலைவிட்டம் முழுதும் 1-தானா என்று பாருங்கள். இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய எண்களாலும் மிகச்சிறிய ஐகன் மதிப்பு சற்றே எதிர்மறையாகலாம். ஆர் மொழியின் சைக் (psych) தொகுப்பில் பார்ட்லெட் சோதனைக்கு அணியை மட்டும் கொடுத்து மாதிரி எண்ணிக்கையைக் கொடுக்காவிட்டால், அது 100 பேர் என்று தானே எடுத்துக்கொள்ளும். ஒரு சிறு எச்சரிக்கை வரி மட்டும் வரும். கட்டுரையில் இருக்கும் எண்ணிக்கையைத் தேடி எடுத்து நீங்களே கொடுங்கள்.